ட்ரெய்லர் இழுக்க எந்த வண்டி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (குலசேகரம்): என்னிடம் 20 டன் பொக்லைன் ஒன்று உண்டு. பாறை உடைக்கும் பிரேக்கரையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். வேலை பெரும்பாலும் பேச்சிப்பாறை, திற்பரப்பு, அருமனை பக்கம். சில சமயம் ரப்பர் தோட்டத்து மண்பாதையிலும் ஏற வேண்டிவரும். இதுவரை வாடகை லோபெட்டில் (தாழ்ந்த தளமுள்ள ட்ரெய்லரில்) ஏற்றி வந்தேன். இப்போது சொந்தமாகப் பழைய வண்டி வாங்க எண்ணம். 4018 மாடல் இழுவை வண்டி ஒன்று மலிவாக வருகிறது. 5530-க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். 4018 தாராளமாக இழுக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: சமதளத்தில் இழுக்கும். அதை வைத்து விலை பேசிவிடாதீர்கள். ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் ஏறுமா, இறக்கத்தில் நிற்குமா, ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் அடங்குமா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். கடைசியிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் 4018 அங்கேயே விழுந்துவிடுகிறது.

பெயரில் உள்ள முதல் இரண்டு இலக்கம் இழுக்கும் வண்டி, ட்ரெய்லர், சுமை மூன்றும் சேர்ந்த எடையைத் தோராயமாக டன்னில் சொல்கிறது. அடுத்த இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 4018 வகையின் உண்மையான வரம்பு 39.5 டன். 2018-இல் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்ட பிறகு வந்த கணக்கு இது: முன் அச்சு 7, நான்கு டயர் உள்ள பின் அச்சு 11.5, ட்ரெய்லரின் இரட்டை அச்சு 21. ட்ரெய்லரில் மூன்று அச்சு இருந்தால் அந்த இடத்தில் 27 வரும், மொத்தம் 45.5 ஆகும். 5530 வகை 55 டன்.

இனி உங்கள் சுமை. பொக்லைன் 21, பிரேக்கர் 1.5, லோபெட் 12.5, இரண்டு அச்சு இழுவை வண்டி 7. கூட்டினால் 42 டன். 4018-இன் வரம்பை இரண்டரை டன் தாண்டுகிறது. மூன்று அச்சு லோபெட்டை மாட்டினால் வரம்பு தானாகக் கூடிவிடும் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். இழுவை வண்டியின் ஆர்.சி.யில் 39.5 என்றிருந்தால் 39.5தான். பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பணத்தைவிட, விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது எடைச்சீட்டைத்தான். ஆகவே விலை பேசுமுன் பொக்லைனையும் லோபெட்டையும் எடைமேடையில் தனித்தனியாக ஏற்றி எடை எடுங்கள். மேலே நான் போட்ட எண்கள் இந்த வகை இயந்திரங்களின் பொதுவான எடை. உங்கள் கையில் இருக்க வேண்டியது உங்கள் இயந்திரத்தின் எடை.

அடுத்தது ஏற்றம். நூறு அடிக்கு ஆறடி உயரும் தார்ச்சாலையில் 42 டன்னை மேலே தள்ள ஏறத்தாழ 2.9 டன் விசை வேண்டும். 180 குதிரைத்திறனில் கியர்பெட்டி, ஆக்சில் இழப்பு போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் ஏறும். 300 குதிரைத்திறன் வண்டி, தானே இரண்டரை டன் கூடுதல் எடை கொண்டிருந்தாலும், 22 கி.மீ. வேகத்தில் ஏறும். மெதுவாக ஏறுவதில் தவறில்லை. ஏற்றத்தின் நடுவில் பஸ்ஸுக்காக நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போதுதான் கிளட்ச் புகைகிறது.

தோட்டத்து மண்பாதை வேறு கதை. அங்கே இன்ஜின் திறனுக்கு வேலையே இல்லை, பிடிமானம்தான் எல்லாம். நூற்றுக்குப் பத்து ஏற்றம், மழை பெய்த செம்மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 டன்னுக்கு, மண்ணின் இழுப்பையும் சேர்த்து, 5.5 டன் விசை வேண்டும். ஒற்றை இழுவை அச்சின் மேல் 11.5 டன் இருக்கிறது. ஈரமண்ணில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், 4 டன் அளவைத்தான் டயர் தரைக்குக் கடத்தும். 1,000 குதிரைத்திறன் இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இரட்டை இழுவை அச்சுள்ள 5530 வகையில் பின் அச்சுகளின் மேல் 17 டன் விழுந்தால் 6 டன் விசை கிடைக்கும். மொத்த எடை 44.5 ஆவதால் தேவை 5.8. மயிரிழையில் ஏறும், ஏறாமலும் போகும்.

அதனால் என் தீர்ப்பு இது. பொக்லைனைத் தார்ச்சாலை ஓரத்திலேயே இறக்கி, தோட்டத்துக்குள் அதன் சொந்தச் செயினில் நடத்திக் கொண்டுபோவது உங்களால் முடியும் என்றால், 45.5 டன் வகை ஒற்றை இழுவை அச்சு வண்டியும் மூன்று அச்சு லோபெட்டும் போதும். தார் கிழியாமலிருக்கப் பலகையோ பழைய டயரோ போட்டு இறக்குங்கள். தோட்டத்துக்குள் லோபெட் போயே தீர வேண்டும் என்றால் 5530 வகைதான், அதுவும் மழையில்லாத நாளில். ஆனி, ஐப்பசி மாதங்களில் அந்தப் பாதையில் லோபெட்டை ஏற்ற வேண்டாம். 4018-ஐ இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

இறக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு. அதே ஆறு சதவீத இறக்கத்தில் 42 டன் 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் ஏறத்தாழ 230 கிலோவாட் ஆற்றலை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். 20 கி.மீ. என்றால் அதில் பாதி. எக்ஸாஸ்ட் பிரேக்கும் (இன்ஜினின் புகைவழியை அடைத்து வேகம் குறைப்பது) தாழ்ந்த கியரும் பெரும்பங்கைத் தாங்க, பிரேக் டிரம் மிச்சத்தைத் தாங்க வேண்டும். முழுவதையும் டிரம்முக்குக் கொடுத்தால் அது சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகும், எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறையும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் அல்லது அதற்குக் கீழே இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும், நடுவழியில் மாற்றப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய லோபெட் பார்க்கும்போது கீழே படுத்துப் பாருங்கள். ஒருவரை பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொல்லி ஒவ்வொரு பிரேக் சேம்பரின் (காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் டப்பாவின்) புஷ்ராடு, அதாவது தள்ளுகம்பி, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளவெடுங்கள். 30 எண் சேம்பரில் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை நம்பக் கூடாது. லைனிங் தேய்ந்துவிடும் என்று ட்ரெய்லரின் ஏர் லைனை அடைத்து வைத்து ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் மொத்தப் பாரத்தையும் இழுவை வண்டி மட்டுமே நிறுத்துகிறது. ஈரச்சாலையில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வண்டி கத்தியை மடக்கியதுபோல் மடங்கும். ட்ரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் முளையான கிங்பின்னையும் அளந்துவிடுங்கள். புதிதில் 50.8 மி.மீ. விட்டம், 49-க்குத் தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டு சின்ன விஷயம். 20 டன் பொக்லைனின் செயின் அகலம் பொதுவாக 2.8 மீட்டர், சட்டம் அனுமதிக்கும் வண்டி அகலம் 2.6. முன்கூட்டியே போக்குவரத்துத் துறை அனுமதி வாங்கிவிடுங்கள். ஏற்றிக் கட்டிய பிறகு பொக்லைன் கையின் (பூம்) மிக உயர்ந்த இடத்தைத் தரையிலிருந்து டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை டிரைவர் கண்ணில் படும்படி கேபினுக்குள் எழுதி ஒட்டுங்கள். தோட்டப் பகுதிகளில் மின்கம்பி தாழ்ந்து தொங்கும். கட்டுவதற்கு 13 மி.மீ. தரம் 80 சங்கிலி, நான்கு மூலையிலும் தனித்தனியாக. பக்கெட்டையும் பிரேக்கரையும் தனியே கட்ட வேண்டும். கயிறு ஆகாது.

கேள்வி (முட்டம்): ஃபைபர் வள்ளத்தை ட்ரெய்லரில் வைத்து என் பிக்கப்பில் இழுத்துக்கொண்டு தூத்துக்குடி வரை போக வேண்டும். வள்ளம், இன்ஜின், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து இரண்டு டன் வரும். பிக்கப் ஒன்றரை டன் ஏற்றும் வண்டிதானே, இரண்டு டன் இழுக்காதா?

பதில்: ஏற்றும் எடையும் இழுக்கும் எடையும் வேறு வேறு. உங்கள் வண்டியின் கையேட்டில் இழுவை எடை என்று ஒரு எண் அச்சிட்டிருந்தால் மட்டும் கொக்கி மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சேஸிஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பட்டறையில் பம்பரில் வெல்டு அடித்துக் கொடுக்கும் கொக்கி முதலில் பிடிப்பாகத்தான் இருக்கும். குலுங்கிக் குலுங்கி வெல்டின் ஓரத்தில் முடிபோல் வெடிப்பு விழும், பிறகு ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது பிய்ந்துவிடும்.

எண் இருக்கிறது, அது 2,000 கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியின் மேல் கீழ்நோக்கி விழும் எடை மொத்தத்தில் பத்து சதவீதத்தை ஒட்டி, 200 கிலோ இருக்க வேண்டும். அவுட்போர்டு இன்ஜின் பின்னால் தொங்குவதால் வள்ளத்தில் பாரம் எப்போதும் பின்பக்கம் சாயும், கொக்கி மேல் எடை குறையும், 50 கி.மீ. தாண்டியதும் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். வள்ளத்தை ட்ரெய்லரில் முன்னால் நகர்த்தி வையுங்கள், அல்லது இன்ஜினைக் கழற்றி பிக்கப்பில் போடுங்கள். ட்ரெய்லரின் முன்கால் சக்கரத்தை மட்டும் எடைமேடையில் நிறுத்தினால் கொக்கி எடை தெரிந்துவிடும்.

அந்த 200 கிலோ பிக்கப்பின் பின் அச்சில் 200 ஆக விழாது. கொக்கி அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டரிலும், வீல்பேஸ் 3 மீட்டராகவும் இருந்தால் பின் அச்சில் 280 கூடும், முன் அச்சில் 80 குறையும். அதனால்தான் ஸ்டியரிங் லேசாகிறது. வலையும் ஐஸ் பெட்டியும் பிக்கப்பில் நிறைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில், குறிப்பாகத் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், தோவாளை தாண்டியதும் வேகத்தை 40-க்குக் கொண்டுவாருங்கள். காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. ஆட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள், தானாக அடங்கும். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணையும் ட்ரெய்லரில் எழுத வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் கொண்டுபோவீர்கள் என்றால், வள்ளத்தை ஒரு லாரியில் ஏற்றி அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குமுன் அரைமணி நேரம் நிறுத்தி வையுங்கள். ஓடிச் சூடான ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) குளிர்ந்த கடல்நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த மாதம் பேரிங் போகும்.

கேள்வி (பூதப்பாண்டி): 50 எச்.பி. டிராக்டரில் செங்கல் ட்ரெய்லர் இழுக்கிறோம். மேடேறும்போது முன்சக்கரம் தூக்குகிறது. முன்னால் மணல்மூட்டை கட்டினால் போதுமா?

பதில்: மூட்டை ஆடி விழும், அதற்கென்றே உள்ள முன் எடைக்கட்டி வாங்கிப் போடுங்கள். ஆனால் முதலில் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பின் அச்சின் உயரத்துக்கு மேலே, டாப் லிங்க் பக்கத்தில் சங்கிலி போட்டு இழுத்தால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழும், ஓட்டுபவர் குதிக்க நேரம் இருக்காது. கீழே உள்ள டிராபாரில் அல்லது ட்ரெய்லர் ஹூக்கில் மட்டும் மாட்டுங்கள். அப்படியும் தூக்கினால் செங்கல் அதிகம், அல்லது இரண்டு சக்கர ட்ரெய்லரில் பாரம் முன்னால் குவிந்திருக்கிறது. சரியாக அடுக்கி, எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இறக்கம் இதைவிட ஆபத்து. எட்டு டன் ட்ரெய்லர் பத்து சதவீத இறக்கத்தில் இரண்டு டன் டிராக்டரை 800 கிலோ விசையோடு தள்ளும். ட்ரெய்லருக்கு பிரேக் இல்லாவிட்டால் வளைவில் டிராக்டரைச் சுழற்றிவிடும். சாலைக்கு வந்ததும் இரண்டு பிரேக் மிதியையும் தாழ்ப்பாள் போட்டு இணைத்துவிடுங்கள், ஒற்றை மிதியை மிதித்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கவே கூடாது. ட்ரெய்லரின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையும் எரிகிற விளக்கும் இருக்கட்டும். இருட்டில் நிற்கும் செங்கல் ட்ரெய்லர், பின்னால் வரும் பைக்காரருக்குச் சுவர்.

கேள்வி (தக்கலை): ட்ரெய்லரை மாட்டியபின் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பூட்டு லிவர் உள்ளே போனால் போதுமா?

பதில்: போதாது. கிங்பின் உயரமாக நின்றாலும் சில பூட்டுகளில் லிவர் உள்ளே போய்விடும். டார்ச் எடுத்துக் கீழே குனிந்து பாருங்கள்: இழுவை வண்டியின் இணைப்புத் தட்டுக்கும் ட்ரெய்லரின் அடித்தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை கிங்பின்னைப் பின்னாலிருந்து சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். பிறகு ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்து, தாழ்ந்த கியரில் இருமுறை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். ட்ரெய்லரின் நிலைக்கால்களை அதற்குப் பிறகே தூக்குங்கள், அதற்கு முன்பு அல்ல.