கடைசி வாரத்தில் வந்த கிருபை

கேள்வி: போதகர் ஐயா, என் அண்ணன் வாழ்நாளைக் குடியிலேயே கழித்தவர். அவருடைய மனைவி, என் மச்சாள்தான், இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அண்ணன் அழுது ஜெபித்தார். அடக்க ஆராதனையில், கிருபையால் அவர் இரட்சிக்கப்பட்டார் என்று பிரசங்கித்தார்கள். அன்றிரவு மச்சாள் என்னிடம், "அப்ப நான் பட்ட பாடெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், பெரியகல்லாறு

பதில்: தங்கச்சி, பிரசங்கத்தில் சொன்னது சரிதான். இரட்சிப்பு தேவனுடைய ஈவு, கிரியைகளினால் உண்டானதல்ல என்கிறது எபேசியர் 2:8, 9. சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கி, கடைசி நேரத்தில் பரதீசு வாக்களிக்கப்பட்ட கள்ளனுக்கு ஒரு நல்ல காரியம் செய்யவும் நேரமிருக்கவில்லை. ஞானஸ்நானம்கூட இல்லை.

ஆனால் மச்சாளின் கோபமும் வேதத்தில் இருக்கிறது. படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக்குக் காலையில் இறங்கினவனுக்கும் பின்னேரம் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்துப் பாருங்கள், வரம்பிலேயே சண்டை நடக்கும். மத்தேயு 20இல் இயேசு சொன்ன கதையிலும் வெயிலைச் சுமந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் அவர்கள் கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை. பிந்தி வந்தவனுக்குத் தன் விருப்பப்படி கொடுத்தார், அவ்வளவுதான்.

மச்சாள் பரலோகத்தை வாங்கவா இடியப்பம் அவித்தார்? பிள்ளைகள் பசியோடு படுக்கக் கூடாதென்று அவித்தார். எபேசியரில் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: நற்கிரியைகள் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. அது இரட்சிப்புக்கு விலையல்ல, பாழாய்ப் போனதும் அல்ல.

1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட்டை மட்டக்களப்புக்கு அனுப்பிய மெதடிஸ்தர்களின் முன்னோடி ஜோன் வெஸ்லி. ஒக்ஸ்போர்டில் உபவாசம், சிறைச்சாலைச் சந்திப்பு, பிறகு ஜோர்ஜியாவில் ஊழியம் என்று ஓடியும் அவருக்கு நிம்மதி இல்லை. 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான், கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறேன் என்ற நிச்சயம் வந்தது. அதற்குப் பிறகும் சிறைச்சாலைக்குப் போவதை அவர் விடவில்லை.

வரி வசூலித்த சகேயுவை மறந்துவிடாதீர்கள். இயேசு வீட்டுக்கு வந்த பிறகு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். உங்கள் அண்ணனுக்கு அதற்கு நாள் மிஞ்சவில்லை. அவர் மச்சாளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடக்க ஆராதனையில் பேசுகிறவர்கள் (நானும் பலதடவை பேசியவன்தான்) முன்வரிசையில் இருக்கும் மனைவியையும் பார்த்துப் பேச வேண்டும். இப்போதைக்கு மச்சாளுக்கு வசனம் விளக்கப் போகாதீர்கள். அண்ணன் வைத்துவிட்டுப் போன கடன் ஏதும் இருந்தால் சகோதரங்கள் பங்குபோட்டு அடையுங்கள்.

கேள்வி: கத்தோலிக்கர் நற்செயலால் மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று எங்கள் ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். ஆயித்தியமலை மாதா கோவிலுக்கு நடந்து போகும் பெரியம்மாவுக்கு இதைக் கேட்டு மனவருத்தம்.
– ஒரு வாசகர், தாண்டவன்வெளி

பதில்: தவறான பேச்சு. நாம் நீதிமான்களாக்கப்படும் கிருபையை முன்செய்த எந்தக் கிரியையாலும் சம்பாதிக்க முடியாது என்று 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கமே சொல்லிவிட்டது. 1999 ஒக்டோபர் 31இல் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப்பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் உலக மெதடிஸ்த பேரவையும் சேர்ந்துகொண்டது. வேறுபாடுகள் இன்னும் உண்டு, இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரியம்மா ஏன் நடக்கிறார் என்று உங்கள் ஜெபக்குழுவில் யாராவது அவரிடமே கேட்டார்களா?