டேடோனாவில் 6 பெண்கள்: கேள்வி பதில்

2010 பிப்ரவரி 6, அமெரிக்காவின் டேடோனா கார் பந்தயத் தளம். ஆர்கா என்ற ஸ்டாக் கார் பந்தயத் தொடரின் சீசனைத் தொடங்கிவைக்கும் 200 மைல் பந்தயம், 80 சுற்று. அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் டானிகா பேட்ரிக் ஸ்டாக் காரில் முதல் தடவையாக இறங்கிய நாள். அவரையும் சேர்த்து 6 பெண்கள் ஓட்டினார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் வாங்கும் கார்தானா சார்?

1949இல் அப்படித்தான் இருந்தது. இப்போது உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, மேலே கார் வடிவத்தில் ஒரு மேலோடு. ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

டானிகா 2008இலேயே ஜப்பானின் மொடேகியில் இண்டிகார் பந்தயம் ஜெயித்தவர். அவரைப் புதுமுகம் என்பது சரியா அண்ணா?

சரிதான். இண்டிகார் என்பது சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார், இறகு போல. ஸ்டாக் கார் அதைவிட இரண்டு மடங்கு கனம். திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அன்று 12ஆவது இடத்தில் தொடங்கினார். பாதிக்கு மேல் ஓடிய பிறகு வண்டி பிடி விட்டுப் புல்தரைக்குள் சறுக்கியது. புதியவர்கள் பெரும்பாலும் பதறிப்போய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பார்கள், சுவர்தான் மிச்சம். அவர் சுவரைத் தொடாமல் வண்டியைக் காப்பாற்றி, பின்வரிசையிலிருந்து முன்னேறி 6ஆவதாக முடித்தார். என்னைக் கேட்டால், அந்த 6ஆம் இடத்தைவிட அந்தப் புல்தரைதான் பெரிய சேதி.

மற்ற ஐந்து பெண்கள் யார்?

மில்கா டூனோ, லெய்லானி முன்டர், அல்லி ஓவன்ஸ், ஜெனிஃபர் ஜோ காப், ஜில் ஜார்ஜ். டூனோ வெனிசுவேலாக்காரர், கப்பல் பொறியாளர். முன்டர் உயிரியல் படித்தவர், சுற்றுச்சூழலுக்காகப் பேசுகிறவர். கேமரா எல்லாம் டானிகா பின்னாலேயே போனதில் இவர்கள் பெயர் அடிபட்டுப் போனது, பாவம்.

வேறு பெரிய புதுமுகம் யாராவது?

நெல்சன் பிக்கே ஜூனியர். மூன்று முறை உலக சாம்பியனான பிக்கேயின் மகன். 2008 சிங்கப்பூரில் அணி சொல்லி வேண்டுமென்றே சுவரில் மோதிய விவகாரத்துக்குப் பிறகு ஃபார்முலா ஒன்றில் கதவு சாத்திக்கொண்டது, இங்கே வந்தார்.

டேடோனாவில் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரு சுற்று 2.5 மைல், வளைவில் சாய்மானம் 31 டிகிரி. தனியாக ஓட்டினால் காலை எடுக்கவே வேண்டாம். கூட்டத்தில்தான் வினை. முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு இலவச வேகம். ஆனால் பக்கத்தில் ஒருவர் வந்ததும் காற்று மாறி வண்டி நெளியும். பார்வையாளர் மாடத்தின் கூரைமேல் நின்று ரேடியோவில் வழி சொல்கிறவரின் குரல்தான் ஓட்டுநருக்குப் பின்பக்கக் கண். புதியவரை நம்பி யாரும் ஒட்டிக்கொண்டு வரமாட்டார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதுதான் கஷ்டம்.

டேடோனாவில் பெண்கள் அப்போதுதான் முதல் தடவையா?

இல்லவே இல்லை. 1949 ஜூலையில், இந்தப் பந்தயத் தளம் வருவதற்கு முன்பு, கடற்கரை மணலில் நாஸ்கார் (அமெரிக்காவின் முதன்மை ஸ்டாக் கார் அமைப்பு) நடத்திய பந்தயத்திலேயே சாரா கிறிஸ்டியன், லூயிஸ் ஸ்மித், எத்தல் மோப்லி மூவரும் ஓட்டினார்கள். எத்தல் 11ஆவது, உடன்பிறந்த இரண்டு பேர் அவருக்குப் பின்னால்! நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500இல் 1977இல் ஜேனட் கத்ரி 12ஆவது. ஆர்காவில் 1999இல் ஷானா ராபின்சனும், 2020இல் ஹெய்லி டீகனும் 2ஆவதாக வந்தார்கள். டானிகாவும் சும்மா இருக்கவில்லை. 2013 டேடோனா 500இல் முதலிடத்திலிருந்து தொடங்கி 8ஆவதாக முடித்தார்.

கோவையிலிருந்து கேட்கிறேன் அண்ணா, நம்ம நரேன் கார்த்திகேயன்?

அதே 2010 மார்ச்சில் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் டிரக் (லாரி இல்லை, பிக்கப் வண்டி) பந்தயம் ஓட்டினார். முதல் பந்தயத்திலேயே 13ஆவது. அது டேடோனாவுக்கு நேர் எதிர்: அரை மைல் தளம், முழுக்கப் பிரேக் வேலை.

அதெல்லாம் சரி, 2010இல் ஜெயித்தது யார்?

பாபி கெர்ஹார்ட். அந்த ஒரே பந்தயத்தை மொத்தம் 8 முறை ஜெயித்த மனுஷன். அவரைப் பற்றி இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை, நீங்கள்தான் முதல் ஆள்.