மூன்று ஸ்டார் பையன் தேறுவானா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிஃபென்சிவ் லைனுக்கு (எதிரணியைத் தடுக்கும் முன்வரிசைக்கு) மூன்று ஸ்டார் பையனை, அதாவது பள்ளி ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஐந்து ஸ்டார் மதிப்பீட்டில் மூன்று வாங்கியவனை, எடுத்தால் ரசிகர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

பதில்: ஸ்டார் என்ன ஜாதகமா? டிஃபென்சிவ் லைனில் பெயர் பெற்ற ஆரன் டொனால்டும் பள்ளியில் மூன்று ஸ்டார்தான். உயரம் போதாதென்று பல பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாமல் விட, சொந்த ஊர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அப்புறம் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் 2017, 2018, 2020 என மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அதற்காக எல்லாரும் டொனால்ட் ஆகிவிட மாட்டார்கள், அதுவும் சரி. ஹைலைட் வீடியோவை நம்பாதீர்கள். பள்ளி ஆட்டத்தில் 130 கிலோ பையன் எதிரே நிற்கும் பொடியனைத் தள்ளிவிடுவதில் என்ன இருக்கிறது? முழு ஆட்டத்தையும் பாருங்கள். பந்து ஸ்னாப் ஆனதும் (பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கியதும்) முதல் அடி பாய்கிறதா, இடுப்பைத் தாழ்த்தி எதிராளியின் மார்பில் கை வைத்துத் தள்ளுகிறானா, கடைசி குவார்ட்டரிலும் மூச்சு இருக்கிறதா? எடையை ஜிம்மில் ஏற்றிக்கொள்ளலாம், அந்த முதல் அடி வேகத்தை ஏற்றுவதுதான் பெரும்பாடு.