சைக்கிள் ஹேண்டில்பார் கண்ணாடி: உப்புக்காத்துல எது தாக்குப்பிடிக்கும்?

பின்னால வர்ற வண்டியைப் பார்க்க சைக்கிள் ஹேண்டில்ல மாட்டற கண்ணாடி பத்தி வடசென்னைக்காரங்க கேட்ட கேள்விகளும் பதில்களும். கேட்டவங்க பேருக்குப் பதிலா அவங்க ஏரியா பேர் இருக்கு.

காசிமேடு: அண்ணா, போன வருஷம் வாங்கின கண்ணாடி ஒரு மழைக்காலம்கூட தாங்கல. ஓரமெல்லாம் கறுத்துப்போச்சு, ஸ்க்ரூ துரு. எந்த மாடல் வாங்கறது?

பதில்: மாடலை விடுங்க, மூணு இடத்தைப் பாருங்க: போல்ட், மூட்டு, கண்ணாடியோட ஓரம். கடலோரத்துல முதல்ல போறது இந்த மூணும்தான்.

கடைக்குப் போறப்போ சின்னக் காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. போல்ட்ல வெடுக்குனு ஒட்டினா பெரும்பாலும் முலாம் பூசின இரும்பு. 304-ங்கற ரக ஸ்டெயின்லெஸ்ல ஒட்டாது, இல்ல லேசா இழுக்கும். கண்ணாடி நல்லா இருந்து போல்ட் மட்டும் மோசம்னா அதுக்காக வேண்டாம்னு வெச்சிடாதீங்க. அதே அளவுல ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலான் வளையம் உள்ள நட்டும் ஹார்டுவேர் கடையில வாங்கி மாத்திடலாம்.

ஓரம் கறுக்கறது, பின்னால இருக்கற பூச்சுக்குள்ள ஈரம் ஏறுறதால. புதுசா வாங்கின அன்னைக்கே, கண்ணாடியும் சட்டமும் சேர்ற கோட்டுல நிறமில்லாத சிலிகான் பசையை மெல்லிசா தடவி ஒரு நாள் காயவிடுங்க. வினிகர் வாடை அடிக்கற சிலிகான் வேண்டவே வேண்டாம், அதுல வர்ற அமிலமே பூச்சை அரிச்சிடும். ‘நியூட்ரல்’னு கேட்டு வாங்குங்க.

திருவொற்றியூர்: எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி பக்கத்துலயே தினம் போறேன் சார். தட்டைக் கண்ணாடியா, குவிஞ்சதா?

பதில்: குவிஞ்சது, வலது கைப்பக்கம். குறுக்களவு 7, 8 செ.மீ. இருக்கட்டும். அதைவிடச் சின்னதுல லாரி எந்தப் பக்கம் வருதுன்னு புரியறதுக்குள்ள அது பக்கத்துல வந்திடும். ஆனா குவிஞ்ச கண்ணாடியில எல்லாமே சின்னதா, தூரமாத்தான் தெரியும். நிஜத்துல லாரி இன்னும் கிட்ட இருக்கும். அதனால வலப்பக்கம் ஒதுங்குறதுக்கு முன்னாடி கழுத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்தே ஆகணும்.

சீட்ல உக்காந்து, எப்பவும் ஓட்டற மாதிரி கையை வெச்சுக்கிட்டு அட்ஜஸ்ட் பண்ணுங்க. உள் ஓரத்துல உங்க முழங்கை ஒரு கீத்து தெரியணும், ரோடு போய் முடியற இடம் நடுவுல நிக்கணும். ஸ்டாண்ட் போட்டு, பக்கத்துல நின்னு சரிபண்ணினா ஓட்டும்போது வானம்தான் தெரியும்.

மணலி: பள்ளத்துல விழுந்து எழுந்தா கண்ணாடி தானா கீழே சாயுதுண்ணா. எத்தனை வாட்டி முறுக்குறது?

பதில்: எங்க நழுவுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. கண்ணாடியை ஒரு கையால பிடிச்சு மெதுவா ஆட்டுங்க. ஹேண்டிலைக் கவ்விப் பிடிக்கற கிளாம்ப்போட சேர்ந்து ஆடுனா பிடிமானம் பத்தல: பழைய டியூப்ல ஒரு பட்டை வெட்டி ஹேண்டில்ல ஒரே ஒரு சுத்து சுத்தி, அதுமேல கிளாம்ப்பை மாட்டுங்க. ரெண்டு மூணு சுத்து போட்டா ரப்பர் நசுங்கி நசுங்கி மறுபடி லூஸாகும். கிளாம்ப் அசையாம கண்ணாடி மட்டும் ஆடுனா கோளாறு அதைத் திருப்பற உருண்டை மூட்டுல. அங்க இறுக்கற ஸ்க்ரூ இருந்தா கால் சுத்து, கால் சுத்தா இறுக்குங்க. ஸ்க்ரூவே இல்லாத பிளாஸ்டிக் மூட்டு ஒருமுறை தேய்ஞ்சா அவ்வளவுதான். அதனால வாங்கும்போதே ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. கண்ணாடியைத் தாங்கற கம்பி நீளமாக ஆக அதிர்வும் கூடும், லாரியோட உருவமே கலங்கலாத் தெரியும்.

வியாசர்பாடி: அப்பாவோட கம்பி பிரேக் சைக்கிள். முனையில சொருகுற கண்ணாடி சரிவருமா?

பதில்: வராதும்மா. அந்த ஹேண்டில் முனை நம்ம பக்கமா வளைஞ்சிருக்கும், கண்ணாடி ரொம்பப் பின்னால, இடுப்புக்கிட்ட வந்து நிக்கும், திரும்பும்போது முழங்கால்லயும் இடிக்கும். வளைவுக்கு முன்னாடி, பிரேக் கம்பி தட்டாத இடமாப் பார்த்து கிளாம்ப் வகையைப் போடுங்க. அந்த இடத்துல ஹேண்டிலை நூலால சுத்தி அளந்துக்கோங்க. சுத்தளவு 7 செ.மீ. வந்தா குறுக்களவு சுமார் 22 மி.மீ., அந்த அளவு கிளாம்ப். மாட்டினதும் பிரேக்கை முழுசா அழுத்தி, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க.

ராயபுரம்: பைக் கண்ணாடியையே மாட்டிடலாமா?

பதில்: 22 மி.மீ. அடாப்டர் கிளாம்ப் போட்டா உக்காரும். ஆனா கனம் அதிகம், ஒரு பக்கமா இழுக்கும். நான் மாட்டச் சொல்ல மாட்டேன்.

எண்ணூர்: சாம்பல் தூசி படிஞ்சு துடைச்சுத் துடைச்சே கோடு கோடா ஆயிடுச்சு.

பதில்: அப்போ அது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக். லேசுல உடையாது, ஆனா சட்டுனு கீறல் விழும். தூசியை உலர்ந்த துணியால துடைக்கவே கூடாது. முதல்ல தண்ணி ஊத்தித் தூசியை இறக்கிட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச மெல்லிய துணியால ஒத்தி எடுங்க. கண்ணாடி துடைக்கற ஸ்ப்ரே, தின்னர், பெட்ரோல் எதுவும் அக்ரிலிக்குக்கு ஆகாது. மேல்பரப்பு மங்கிடும், நுண்ணிசா வெடிப்பும் விடும். உங்க ஏரியாவுக்கு நிஜக் கண்ணாடி போட்டதே மேல். ஸ்டேஷன் ஸ்டாண்ட்ல நெருக்கி நிறுத்துவீங்கன்னா மடக்கற மாதிரி பார்த்து வாங்குங்க.