டைனோசரின் கண் எரிகிறது, கால் நடக்கவில்லை: போர்ட் போய்விட்டதா?

கேள்வி: கனடாவில் இருந்து பெரியப்பா கொண்டுவந்த டைனோசர் பொம்மை. மூக்கைத் தொட்டால் உறுமும், கண் சிவப்பாக எரியும், நடக்கும். மூன்று மாதம் நன்றாக ஓடியது. இப்போது கண் மங்கிவிட்டது, உறுமல் இழுபடுகிறது, கால் அசையவே இல்லை. திருத்தக் கொடுத்த இடத்தில் போர்ட் போய்விட்டது, கொழும்பில் எடுப்பிக்க 6,000 ரூபாய் என்கிறார்கள். ஐந்து வயது மகன் தினமும் அழுகிறான். கொடுக்கலாமா? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: கொடுக்க வேண்டாம் தங்கச்சி. முதலில் பொம்மையை அங்கிருந்து திருப்பி எடுத்து வாருங்கள்.

போர்ட் என்பது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை. அது முழுதாகச் செத்திருந்தால் கண் எரியாது, சத்தமும் வராது. கண்ணில் உள்ள சின்ன எல்ஈடி பல்புக்குக் கொஞ்ச மின்சாரம் போதும். காலை இழுக்கும் மோட்டாருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். அதனால் பற்றரி இறங்கும்போது முதலில் கால் நிற்கும், பிறகு உறுமல் இழுபடும், கடைசியில்தான் கண் அணையும். நீங்கள் எழுதியிருப்பது இதே வரிசைதான்.

வயிற்று மூடியைத் திறந்து பற்றரி தொடும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டில் உப்புக்காற்று ஸ்பிரிங்கைத் தின்னும், ஒழுகின பற்றரி மிச்சத்தைத் தின்னும். போன கிழமை நிலாவெளியில் இருந்து ஒரு பச்சை டைனோசர் வந்தது. குறட்டால் தொட்டதும் ஸ்பிரிங் பொடியாக உதிர்ந்தது. பழைய டோர்ச் ஒன்றின் ஸ்பிரிங்கை வெட்டி ஈயம் வைத்து ஒட்டினேன். அது உறுமின உறுமலில் கூட வந்த பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

பூத்திருந்தால் பற்றரிகளை எடுத்துவிட்டு, காதுக்குப் போடும் பஞ்சுக்குச்சியில் தேசிக்காய்ச் சாறு ஒரு துளி தொட்டுத் தேயுங்கள். அந்தத் தூள் கையிலும் கண்ணிலும் படக்கூடாது. ஈரம் போகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரே கம்பனியின் புது அல்கலைன் பற்றரி போடுங்கள். மலிவுப் பற்றரி சுவர் மணிக்கூட்டுக்குச் சரி, மோட்டாரை இழுக்காது.

சரி, அந்த 6,000 ரூபாய்க் கதை. இப்படியான பொம்மையின் போர்டில் கறுப்புப் பொட்டு ஒன்று இருக்கும். உறுமலும் கண் சிமிட்டலும் அதற்குள்தான். அதைக் கழற்றி மாற்ற முடியாது, அந்தப் போர்ட் தனியாகக் கடையில் விற்கும் சாமானும் இல்லை. கொழும்பில் எடுப்பிக்கிறேன் என்பவர் ஸ்பிரிங்கைச் சுரண்டிவிட்டுப் போர்டுக்குக் காசு வாங்குவார். கழற்றின பழைய போர்டைக் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள், முகம் மாறும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். சில டைனோசர்களில் சார்ஜ் ஏறும் லித்தியம் பற்றரி இருக்கும். பார்வைக்கு அப்படியே ஏஏ பற்றரி, அதே நீளம், அதே பருமன். ஆனால் ஏஏ 1.5 வோல்ட், இது 3.7 வோல்ட். மேலே 14500 என்று எழுதியிருக்கும். நான்கு ஏஏ போடும் பொம்மைக்கு 6 வோல்ட் போக வேண்டும். அளவு சரியென்று நான்கு லித்தியத்தைப் போட்டால் கிட்டத்தட்ட 15 வோல்ட் ஏறும், அப்போதுதான் போர்ட் உண்மையாகவே எரியும். மாறி நடந்தாலும் ஆபத்து: சார்ஜ் வயர் உள்ள பொம்மையில் சாதாரண ஏஏயைப் போட்டுச் சார்ஜ் ஏற்றினால் அது ஒழுகும், வெடிக்கவும் கூடும். ஆகவே பழைய பற்றரியில் உள்ள வோல்ட் எண்ணை வாசிக்காமல் புதியதை வாங்காதீர்கள். அந்தப் பழசையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பொம்மை திரும்பி வரும்போது மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். திருத்துகிறவர்கள் பலர் அதைத் தொலைத்துவிட்டு டேப் ஒட்டித் தருகிறார்கள், பிள்ளை அதைப் பிய்த்துப் பற்றரியை எடுத்துவிடும். எனக்குக் கோபம் வருவது இதில்தான். கூடவே வரும் முட்டையிலோ ரிமோட்டிலோ காசு போன்ற தட்டைப் பற்றரி இருந்தால் இன்னும் மோசம். அது குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையைச் சுட்டுவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும்.

காசு ஏற்கெனவே கொடுத்திருந்தால் பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்கள் பக்கம். அந்தச் சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதை யாரும் சனத்துக்குச் சொல்வதில்லை, கடைச் சுவரில் ஒரு வரி தமிழில் ஒட்டுவதும் இல்லை. நான்காவது மாதம், பில்லும் இல்லாமல், என்னிடம் வந்து அழுகிறார்கள்.

புதுப் பற்றரி போட்டும் கால் அசையாவிட்டால் வயிற்றில் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டால் உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்கும், அது வேறு வேலை. சத்தமே இல்லையென்றால், ஸ்பிரிங்கின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள், கையோடு வரக்கூடும்.