கொன்ஜூரிங் 2: திருகோணமலை ஆட்களின்ர கேள்விகள், என்ர பதில்கள்

2016இல் வந்த இந்தப் பேய்ப்படத்தை நாலு தரம் பார்த்தனான். கேளுங்கோ எண்டு சொன்னதுக்கு வந்தவை இவை.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, முதலாம் பாகத்தைவிடத் திறமோ?

இல்லை. 2013இல் வந்தது 112 நிமிடம், இது 134. கூடின 22 நிமிடமும் பாரம்தான்.

கிண்ணியாவிலிருந்து: ராவைக்குத் தனியப் பார்க்கலாமா?

பாருங்கோ. கடற்காத்துக்கு அடிக்கிற ஜன்னல் எண்டால் முதல் கொளுவிப்போட்டு இருங்கோ.

அனுராதபுரச் சந்தியிலிருந்து: ஆகத் திறமான காட்சி கன்னியாஸ்திரி ஓவியம்தானே?

எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம். கன்னியாஸ்திரிப் பேயின்ர நிழல் மட்டும் சுவர் வழியே நடந்துபோய், ஓவியச் சட்டத்தை விரல்கள் பிடிக்கேக்க நானும் துள்ளினனான். ஆனால் என்ர ஓட்டு விசாரணைக் காட்சிக்கு. சிறுமி ஜெனட்டின்ர வாயால பில் எண்ட செத்துப்போன கிழவன் கதைக்கிறான். ஏமாத்தோ எண்டு பார்க்க, அவளை வாய் நிறையத் தண்ணி வைச்சிருக்கச் சொல்லுகினம். தன்னைப் பார்க்கக்கூடாது எண்டு கிழவன் சொல்ல, பேய் விசாரிக்க வந்த எட் வொறன் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார். கமரா வெட்டாமல் எட்டின்ர முகத்திலயே நிக்குது. பின்னால ஜெனட் மங்கல். அந்த மங்கல் மெல்ல மெல்லச் சிறுமி மாதிரி இல்லாமல் போகுது. சத்தமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. இயக்குநர் ஜேம்ஸ் வானுக்கு இதுக்கே ஒரு கும்பிடு.

நிலாவெளியிலிருந்து: படத்தில வளைஞ்ச மனிசன் எண்ட பேய் வர எங்கட சின்னவன் சிரிச்சான்.

சரியாத்தான் சிரிச்சிருக்கிறான். கணினி வேலை எண்டு கன பேர் நினைக்கினம். நடிச்சது ஹாவியேர் போட்டெட் எண்ட உண்மையான ஆள். ஆளை வைச்சு எடுத்தும் பொம்மையாத் தெரிஞ்சால் பிழை ஆரிட்ட?

மூதூரிலிருந்து: உண்மைக் கதையாமே?

1977இல் லண்டன் என்ஃபீல்டில நடந்ததாச் சொல்லப்பட்டது. ஆனால் அந்த வீட்டில கன நாள் இருந்து விசாரிச்சவை மொறிஸ் குரோஸும் கை லயன் பிளேஃபெயரும். வொறன் தம்பதிக்கு அதில பெரிய பங்கில்லை. படத்தில அவைதான் நாயகர்! கன்னியாஸ்திரிப் பேய்க்கும் என்ஃபீல்டுக்கும் தொடுப்பே இல்லை; அது மறுபடப்பிடிப்பில வந்து ஒட்டினது. அதாலதான் முடிவு சப்பெண்டு போகுது. ரெண்டு மணித்தியாலம் உலுக்கின பேய், பேரைச் சொன்னவுடன போயிடுமாம்.

மனையாவெளியிலிருந்து: எட் கிற்றார் எடுத்துப் பாடுறது தேவையோ?

கட்டாயம். பயந்து ஒடுங்கின பிள்ளையள் அதிலதான் முதன்முதல் சிரிக்குதுகள். அந்த வீட்டில எனக்கு அக்கறை வந்ததே அந்த இடத்தில.

திரும்பவும் உப்புவெளி: மூண்டாம் பாகம்?

2021இல் வந்தது, வான் இயக்கேல்லை. ஒருக்காப் பார்த்தால் காணும்.