கதாபாத்திரத்தின் மீது பழி போடலாமா?

கேள்வி: நண்பர்கள் ஐவர் ஞாயிறுதோறும் கூடி, ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுகிறோம். கதையை நடத்திச் செல்லும் டன்ஜன் மாஸ்டர் நான். திருடன் பாத்திரம் ஏற்றிருக்கும் நண்பர், உடன் வரும் தோழர்களின் பைகளிலேயே கைவைக்கிறார். கேட்டால், "என் கதாபாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்கிறார். மற்றவர்களுக்கு ஆட்டமே கசந்துவிட்டது. கதைக்குள்ளேயே அவரைத் தண்டித்துவிடலாமா?
– பெங்களூரு வாசகர்

பதில்: வேண்டாம். காவலர்களை ஏவிச் சிறையில் அடைத்தால், அதை அவர் ஆட்டத்தின் அடுத்த சவாலாகவே எடுத்துக்கொள்வார். அந்தச் சிறைக்காட்சி முடியும்வரை மற்றவர்கள் மறுபடியும் அவரையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க நேரும். பாத்திரத்தைக் கொன்றாலோ, அடுத்த வாரம் இன்னொரு திருடனோடு வந்து நிற்பார்.

அவருடைய வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். கதாபாத்திரத்துக்கென்று தனியாக ஒரு மனம் கிடையாது. அதன் பேராசையைத் தாளில் எழுதியவரும் அவர்தான்; அந்தப் பேராசை இன்று யார்மீது பாயவேண்டும் என்று முடிவெடுப்பவரும் அவர்தான். வணிகனின் பெட்டியை உடைக்கும் அதே திருடன், தன் காயத்தைக் குணமாக்கிய பூசாரியின் பையைத் தொடாமலிருக்க எத்தனையோ காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்றை அவரே யோசித்துச் சொல்லுமாறு, மற்றவர்கள் இல்லாத நேரத்தில், தனியே கேளுங்கள்.

கூடவே, பல குழுக்கள் கடைப்பிடிக்கும் ஒரு விதியையும் கொண்டுவரலாம். ஒருவருடைய பாத்திரம் இன்னொருவருடைய பாத்திரத்துக்கு எதிராக எதைச் செய்தாலும், அது பலித்ததா இல்லையா என்பதைப் பாதிக்கப்படுபவரே சொல்லவேண்டும். திருடன் இருபது முகப் பகடையை உருட்டி, 18 விழுந்துவிட்டது என்று மருந்துக் குப்பிக்குக் கைநீட்டினாலும், பூசாரியாக ஆடுபவர் "குப்பி காலி" என்றோ, "கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்" என்றோ தீர்ப்புச் சொல்லலாம். புதிய கதையைத் தொடங்கும் முன் அனைவரும் உட்கார்ந்து எதிர்பார்ப்புகளைப் பேசிக்கொள்ளும் "செஷன் ஜீரோ"வில் இதைச் சொல்லிவிட்டால், யாரையும் குறிவைத்ததாகவும் தோன்றாது.

துரோகத்தில்தான் அவருக்கு ருசி என்றால், அதற்கென்றே 1984-இல் வெளிவந்த "பாரனோயா" என்ற ஆட்டம் இருக்கிறது. அதில் எல்லோரும் எல்லோரையும் காட்டிக்கொடுப்பார்கள். செத்தால் அதே ஆளின் அடுத்த நகல் வந்து சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். பூசாரிக்கும் பழைய கணக்கைத் தீர்க்க வாய்ப்புக் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் இருவர் வாயே திறப்பதில்லை. சண்டை வந்தால் மட்டும் உற்சாகமாக ஆடுகிறார்கள். ஏன்?
– கோவை வாசகி

பதில்: பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சண்டையின்போது, யாருக்குப் பின் யார் என்ற வரிசையைத் தீர்மானிக்கும் "இனிஷியேட்டிவ்" பகடையின்படி ஒவ்வொருவருக்கும் முறை வந்துவிடுகிறது. குறுக்கே பேச யாருக்கும் உரிமையில்லை. சண்டை ஓய்ந்து, சத்திரக்காரனிடம் துப்பு விசாரிக்கும் கட்டம் வந்ததும் வரிசை போய்விடுகிறது. சத்தமாகப் பேசுபவர் வைத்ததே சட்டம். (டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் 1981-ஆம் ஆண்டு விதிநூலோ, குழுவின் முடிவுகளை மாஸ்டரிடம் சொல்ல ஒருவரையே நியமிக்கச் சொன்னது! நல்லவேளை, அந்த வழக்கம் இன்று அருகிவிட்டது.)

ஆகவே, "எல்லோரும் என்ன செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்பதை உங்கள் மாஸ்டர் நிறுத்தட்டும். "வில்லாளியே, நீ வாசலருகே நிற்கிறாய், மாடிப்படியில் காலடி ஓசை கேட்கிறது. என்ன செய்கிறாய்?" என்று பெயர் சொல்லி, கைக்கு எட்டும் ஒரு சூழலையும் கொடுத்துக் கேட்டால், கூச்சமுள்ளவருக்கும் சொல்ல ஏதாவது கிடைக்கும். பதில் வரும்வரை மற்றவர்கள் யோசனை சொல்லாமலிருப்பது மிக முக்கியம்.

அப்படியும் ஒருவர் சிரித்துவிட்டுப் பேசாமலிருந்தால், வற்புறுத்த வேண்டாம். ஆட்டக்காரர்களை வகைப்படுத்திய ஆட்ட வடிவமைப்பாளர் ராபின் லாஸ், நண்பர்களோடு சேர்ந்திருப்பதற்காகவே வருபவர்களையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறார். வாரம் தவறாமல் வருகிறாரா என்று மட்டும் பாருங்கள்.